நின்றால் நடுங்கும் வண்டி

ஒரு காட்டில், குளத்தங்கரை சிக்னலில் சிவப்பு விழுந்திருந்த நேரத்தில், டாக்ஸியின் பின்சீட்டில் இருந்த மான் பக்கத்து மானிடம் ரகசியமாகச் சொன்னது:

"வண்டி நடுங்கலடி. ஓட்டுற முயல்தான் நடுங்குது. அது ஸ்டியரிங் வழியா இறங்கி நம்ம சீட்டுக்கு வருது."

ரகசியம் பேசியவள் முயலின் காது எவ்வளவு நீளம் என்பதை மறந்துவிட்டாள். ஓட்டிக்கொண்டிருந்த செவந்தி முயலுக்கு ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

வண்டி ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் கண்ணாடி, கதவு, சீட்டு எல்லாம் கிடுகிடுவென்று ஆடும். வரும் திங்கட்கிழமை காட்டுப் பள்ளிக்கூடத்தில் குட்டிகளை ஏற்றிவர ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். அது கிடைக்காவிட்டால் செவந்தி டாக்ஸியை விற்றுவிட்டு நரியின் வேனுக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான். நரி இப்போதே அவளைப் பார்க்கும்போதெல்லாம், "காக்கிச் சட்டை அளவு என்னம்மா?" என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தது.

செவந்தி திருவேங்கடம் யானையின் ஒர்க் ஷாப்புக்குப் போனாள். டோக்கன் வாங்கி, பன்னிரண்டு வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். திருவேங்கடம் வண்டிக்கு நாடி பார்க்கிற மெக்கானிக். பானெட்டின் மேல் முன்னங்காலை ஊன்றி, கண்ணை மூடி, ஒரு நிமிடம் நிற்பார். பிறகு சொல்வதுதான் தீர்ப்பு.

செவந்தியின் பானெட்டிலும் கால் ஊன்றப்பட்டது. அத்தனை கனம் மேலே ஏறியதும் வண்டி ஆடாமல் அசையாமல் நின்றது.

"எங்கம்மா நடுங்குது?"

'காலை எடுத்துட்டுப் பாருங்கண்ணே' என்று சொல்ல வேண்டும். செவந்தி அந்த வாக்கியத்தை மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாயைத் திறந்தபோது வந்தது, "சரிண்ணே" மட்டும்தான்.

திருவேங்கடம் சீட்டு எழுதிக் கொடுத்தார்: 'வண்டியில் குறையில்லை. ஓட்டுநருக்கு நடுக்கம்.'

ஞாயிற்றுக்கிழமை காலை, தன் வளைக்கு முன்னால் செவந்தி தானே பானெட்டைத் திறந்தாள். இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு காதுகளையும் உள்ளே நீட்டினாள். எங்கோ ஒரு மூலையிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்றது.

பாம்பு. செவந்தி எடுத்த ஓட்டத்தில் ஆற்றங்கரையில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. நாளை திங்கட்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி நடந்தாள்.

பாம்பு இல்லை. இன்ஜினுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றின் நுனி வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாகத்தான் இன்ஜின் வேண்டாத காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. செவந்தி விரலால் வெடிப்பைப் பொத்தினாள். நடுக்கம் நின்றது. விரலை எடுத்தாள். ஆடியது. மறுபடி பொத்தினாள். பிறகு, தேவையே இல்லாமல், இன்னும் நான்கு தடவை பொத்தி எடுத்தாள்.

வெடித்த நுனியை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயை இறுக்கிச் செருகினாள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை எடுத்து வந்து பானெட்டின் மேல் வைத்தாள். தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் தலைமை ஆசிரியை பரிமளம் எருமை படிவத்தோடு நின்றிருந்தார். முதலில் நரியின் வேன். புகைவிட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அரையடி நகர்ந்தது. டீச்சர் டிக் அடித்தார். அடுத்தது செவந்தி. அவள் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி, தண்ணீர் நிறைந்த டம்ளரை எடுத்துப் பானெட்டின் மேல் வைத்தாள்.

"ஸ்டார்ட் பண்ணும்மா," என்றார் டீச்சர்.

"ஸ்டார்ட்லதான் இருக்கு, டீச்சர்."

"தண்ணியே அசையலையே."

"சரிபண்ணிட்டேன் டீச்சர். காது வச்சுக் கேளுங்க, சத்தம் தெரியும்."

டீச்சர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். முதல் பக்கம், நான்காவது வரி: 'நின்ற நிலையில் இன்ஜின் இயங்குகிறதா? கண்ணால் பார்த்து நிரப்பவும்.'

"காதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"அப்போ ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டட்டுமா?"

"ஓட்டுறது ரெண்டாம் பக்கம். முதல் பக்கம் முடியாம ரெண்டாம் பக்கத்துக்கு எப்படிம்மா போறது?" டீச்சர் பேனாவை 'இல்லை' என்ற கட்டத்துக்கு நேரே கொண்டுபோனார்.

நரி வேனில் சாய்ந்து நின்றபடி, "மீடியம் சைஸ் சரியா இருக்கும்," என்றது.

"ஒரு நிமிஷம் டீச்சர்," என்றாள் செவந்தி. இந்த முறை வாக்கியம் சரியாக வந்தது.

அவள் டம்ளரை எடுத்துக் கீழே வைத்தாள். பானெட்டைத் திறந்து, ரப்பர் குழாயைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். வண்டி மறுபடி கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது.

நீதி: எந்தப் பழுதையும் சரிசெய்யலாம், ஆனால் பரிசோதனை முடியும்வரை பொறுத்திருக்கவும்.