பிப்போவைப் பழைய இரும்புக்குப் போட்ட புத்தகம்

காரைக்குடி வட்டாரத்தில் என்றைக்காவது ஒரு வேற்றுக்கிரகவாசிக் கூட்டம் வந்து இறங்கியிருந்தால், அத்தனை பேருக்கும் சாம்பார் வைக்க அண்டாக்களோடு தயாராக இருந்த ஒரே மனிதர் விண்கலம் அண்ணன்தான். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. கலெக்டர் ஆபீஸில்கூட அப்படியொரு ஏற்பாடு இருந்திருக்காது.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தொழில், கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுவது. நான் அவர் கடை மாடியில் குடியிருந்துகொண்டு வங்கி வேலைக்குப் போய்வந்தேன். காலையில் படியிறங்கினால் முதல் தரிசனம் கவிழ்த்துப் போட்ட பித்தளை அண்டாக்கள்தான்.

"பாத்தீகளா சார், அப்படியே விண்கலம் எறங்குன மாதிரி இல்ல?" என்பார். இல்லை என்று சொன்னால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எதற்கு வம்பு என்று நானும் ஆமாம் போட்டுப் பழகிவிட்டேன்.

அந்தக் கடையில் அண்டா உண்டு, மூடி கிடையாது. மூடியெல்லாம் பக்கத்துக் கடையில் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். ஊருக்கே அவர் பெரியண்ணன். அப்பா இருந்தவரை எல்லாம் ஒரே கடைதான். கீழச்சிவல்பட்டிக் கல்யாணம் ஒன்றுக்குப் போன அண்டா நசுங்கித் திரும்பியதில் வந்தது வினை. "நீ ஒழுங்காக் கட்டி ஏத்தல", "நீங்கதான் வண்டிக்காரரை வெரட்டுனீக" என்று ஆரம்பித்த பேச்சு பாகப்பிரிவினையில் போய் நின்றது.

மத்தியஸ்தம் செய்ய வந்தவர்கள் ஆளுக்குப் பாதி என்றார்கள். தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்டா பூராம் எனக்குத்தான்!" என்று கத்தினார். பெரியண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எடுத்துக்கிறட்டும். மூடியும் கரண்டியும் எனக்கு" என்றார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் மத்தியஸ்தர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "மூடி எங்கண்ணே?" என்று கேட்டால் விண்கலம் அண்ணன் மோவாயை மட்டும் தூக்கி, "அங்குட்டு" என்பார். எந்த அண்டாவுக்கு எந்த மூடி என்று சொல்ல இரண்டு பேரும் சேர்ந்தால்தான் முடியும். அவர்களோ பேசுவதில்லை. சாக்கோட்டைப் பக்கம் ஒரு விருந்தில் மூடி நழுவி ரசத்துக்குள் விழ, நனைந்துபோன சமையல்காரர், "அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே அண்டாவுல போட்டு மூடணும்!" என்று சாபம் விட்டதாகக் கேள்வி.

ஆனால் ஞாயிறு மாலை மட்டும் தெருவில் சண்டை நிறுத்தம். அப்போதுதான் டிவியில் 'தொலைவானம்' வரும். தமிழில் டப்பிங் செய்த விண்வெளித் தொடர். கேப்டன் ரீவா என்று ஒரு பெண்மணி, மொட்டைத் தலை, எந்நேரமும் நின்றுகொண்டே இருப்பாள். பிப்போ என்று உடம்பெல்லாம் நசுங்கிய ஒரு கிழட்டு ரோபோ. ரீவா என்றால் விண்கலம் அண்ணனுக்கு உயிர். பெரியண்ணனுக்கு பிப்போ.

டிவி இருந்தது தம்பி கடையில். பெரியண்ணன் தன் கடை வாசலில் நாற்காலி போட்டு, "காத்தாட உக்காந்திருக்கேன்" என்று உட்காருவார். காற்று என்னவோ எதிர்த் திசையிலிருந்துதான் வரும். தம்பியும் ஒன்றும் தெரியாதவர்போல டிவியை வாரத்துக்குக் கொஞ்சம் அண்ணன் பக்கமாகத் திருப்பி வைப்பார். கடைசியில் தம்பி கடைப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

இரண்டு கடைக்கும் நடுவில் உட்கார்ந்த எனக்குத் தபால்காரர் உத்தியோகம்.

"சார், ரீவா அந்தக் கதவத் தொறந்தா ஆபத்துன்னு அவன்ட்டச் சொல்லுங்க."

"சார், தொறக்காம எப்படி ஊரு திரும்புறதுன்னு அவுகள்ட்டக் கேளுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பதில் வந்துவிடும். ஆனாலும் முகத்தை முகம் பார்க்காமல், என் மூக்கைப் பார்த்தேதான் இருவரும் பேசுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத கிரகத்தில், மூடிய கதவின்மேல் ரீவா கையை வைத்தாள். தொடரும் என்று போட்டார்கள். தொடரவே இல்லை. பார்க்க ஆளில்லை என்று தொடரை நிறுத்திவிட்டார்களாம்! அடுத்த வாரம் பெரியண்ணனின் நாற்காலி உள்ளே போய்விட்டது.

விண்கலம் அண்ணன் இடிந்துபோனார். "ரீவா போனாக்கூடப் போறா சார். ஆவணியில எம் மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா வராத கல்யாணம் ஒரு கல்யாணமா? வாரம் ஒரு தடவையாச்சும் அவுக குரலக் கேட்டேன். இன்னும் ரெண்டு மாசம் ஓடியிருந்தா நேராவே பேசியிருப்பாக சார்!" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நேரில் போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்றேன். "முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புட்டா?" என்றார்.

அந்த நேரத்தில்தான் தொடரின் மீதிக் கதை நாவலாக வந்திருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது என்ற சேதி அவர் செல்போனில் வந்து விழுந்தது. 'கதவுக்குப் பின்னால் என்ன?' என்று அட்டையிலேயே போட்டிருந்தது. உடனே இரண்டு பிரதி வரவழைத்தார். பிள்ளையார் படத்தடியில் வைத்துக் குங்குமம் இட்டார். ஒன்றை என் கையில் கொடுத்து, "அண்ணன்ட்டக் கொடுத்துருங்க சார். படிச்சுப்புட்டா சும்மா இருக்க மாட்டாக, எதாச்சும் கேட்டு விடுவாக" என்றார். கொடுத்தேன். பெரியண்ணன் வாங்கி, "காத்து வரல, விசிறிக்கு ஆகும்" என்று மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் விண்கலம் அண்ணன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"சார், கெட்டுச்சு குடி! அந்தப் புத்தகத்த அவுகள்ட்டருந்து வாங்கிருங்க!"

"ஏன், என்ன ஆச்சு?"

"எழுதுன மனுசன் அந்த நாடகத்தப் பாக்கவே இல்ல சார்! ரீவா முத அத்தியாயத்துலேயே தலைய வாரிச் சடை போடுறா. மொட்டைக்கு ஏது சார் சடை? எந்நேரமும் சோபாவுல உக்காந்தே கெடக்கா. பிப்போவுக்குத் தும்மல் வருது. கதவத் தொறந்தா உள்ள இன்னொரு கதவு. அதத் தொறந்தா எல்லாம் கனவாம்! இதப் படிச்சா அண்ணன் ஏழு சென்மத்துக்கும் எம்மூஞ்சில முழிக்க மாட்டாக."

நாங்கள் இறங்கி வருவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. பெரியண்ணன் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்தபடி தன் கடையிலிருந்து பாய்ந்து வந்துகொண்டிருந்தார். பிரிவினைக்குப் பிறகு அவர் கால் படாத தம்பி கடைக்குள் நேராக ஏறினார். என் மூக்கைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்தார்.

"டேய்! பிப்போவப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாளேடா!"

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை விண்கலம் அண்ணன் அவசரமாக இறக்கிவிட்டார்.

"நசுங்கிப்போச்சாம், எடைக்குப் போட்டாளாம்! நசுங்குனா ஒடுக்கு எடுக்க வேண்டியதுதானடா? நம்ம அப்பா எத்தனை அண்டாவுக்குத் தட்டித் தட்டி ஒடுக்கு எடுத்திருக்காக! ஒண்ணையாச்சும் எடைக்குப் போட்டாகளா?"

"போடல, அண்ணே. ரீவா அப்படிப்பட்டவளே இல்லண்ணே. இந்தாளு பொய்யா எழுதியிருக்கான்."

"அதான நானும் சொல்றேன்!"

பழக்க தோஷத்தில் நான், "அவர் என்ன சொல்கிறார் என்றால்..." என்று இடையில் புகுந்தேன்.

"நீங்க சும்மா இருங்க சார்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள். அத்தோடு என் தபால் உத்தியோகம் போயிற்று.

டீ வந்தது. வடை வந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டி அந்த நாவலைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். திட்டி முடித்ததும், கதை எப்படிப் போயிருக்க வேண்டும் என்று பேச்சு திரும்பியது. கதவுக்குப் பின்னால் பிப்போவின் அண்ணன் ரோபோ ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் தம்பி. பெரியண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பாவுக்கு முகூர்த்தம் எத்தனை மணிக்குடா?" என்று கேட்டார்.

ஆவணியில் கோவிலூர்ப் பக்கம் கல்யாணம். விடிந்தும் விடியாத நேரத்தில் மண்டப வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பட்டு வேட்டியோடு இறங்கிய பெரியண்ணன், யாரையும் தொடவிடாமல் எல்லா மூடிகளையும் தானே சமையல்கட்டுக்கு எடுத்துப் போனார். எந்த அண்டாவுக்கு எது என்று அவருக்கு மனப்பாடம். சாம்பார் அண்டாவில் அவர் மூடியைப் பொருத்தியபோது, அதன் அந்தப் பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விண்கலம் அண்ணன் சிறுபிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதார். "பொகைடா, தள்ளி நில்லு" என்றார் பெரியண்ணன். அவருக்கும் அதே புகைதான்.

இப்போது எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. போன வாரம் விண்கலம் அண்ணன் போன் செய்தார். அந்த நாவலுக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம்.

"முதல் பாகத்தவிட மோசமா இருக்கணும்னு அண்ணன் பிள்ளையாருக்குத் தேங்கா நேந்திருக்காக சார். ஞாயித்துக்கிழமை சேந்து படிக்கிறோம், வந்துருங்க. ஒங்க நாற்காலி நடுவுலயேதான் கெடக்கு."

நடுவில் இனி எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.