பின்னுக்கு ஒரு பாரம்

கைத்தொலைபேசியில் மூன்று வாளிகளின் படம் இருந்தது. சின்னது, நடுத்தரம், பெரிசு. தம்பிராசா அவற்றைப் பதினேழு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. அதைக் கமலாதேவி வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"என்னை அரை மணித்தியாலத்திலை பாத்து முடிச்சனீங்கள்."

"நீர் மனிசர். இது மெசின். பிழைச்சால் பேந்து மாத்த ஏலாது," என்றார் தம்பிராசா.

கிணற்று வாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கனடாவில் இருக்கும் மகன் அனோஜன் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிக் கொடுத்த சின்ன உழவுமெசின் ஒன்று முற்றத்தில் நிற்கிறது. அதன் முன்னுக்குப் பூட்டினால் குனிந்து அள்ளி, நிமிர்ந்து, கொண்டுபோய்க் கொட்டும் இரும்பு வாளி. லோடர் என்பார்கள். அனோஜன் அங்கே தன் வீட்டு வாசலில் அப்படி ஒன்றால் பனி அள்ளுவதை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். அவர்களுடைய தீவூர் மண்கும்பானில் தம்பிராசா அதைக் காட்டாத ஆள் இல்லை. மீன்காரர் பார்த்தார். தபால்காரர் இரண்டு தரம் பார்த்தார்.

"அங்கை பனி, இஞ்சை சாதாளை. அள்ளுறது அள்ளுறதுதானே," என்று முடிப்பார்.

சாதாளை என்பது கடல் கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் புல். புகையிலைத் தோட்டத்துக்கு அதைவிட நல்ல பசளை தீவில் கிடையாது. அதைக் கரையில் குவித்து, ஐப்பசி மழைக்கு முன்னம் கால் மைல் தள்ளியிருக்கும் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பரவ வேண்டும். கொண்டுபோவது கமலாதேவி, பனையோலைக் கடகத்தில், தலைச்சுமையாக. தம்பிராசா மேற்பார்வை. போன வருடம் அவளுடைய இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு கிழமை எழும்ப முடியவில்லை. இனிப் பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்த முறை ஒரு கடகம் தூக்கமாட்டன்," என்றாள் கமலாதேவி. "மழைக்கு முன்னம் உந்தக் குவியல் தோட்டத்துக்குப் போகாட்டி நான் சுழிபுரத்துக்குத் தங்கச்சி வீட்டை போயிடுவன். பேந்து நீங்களும் உங்கடை மெசினும்தான்."

மெசின் வந்த நாளிலிருந்து அவள் கேட்டது ஒரே ஒரு சாமான். பின்னுக்குப் பூட்டுகிற இரும்புப் பெட்டி. அது நிலத்தோடு பதிந்து இறங்கும். பல் வைத்த வாரியால் இழுத்து நிரப்பலாம், தூக்கத் தேவையில்லை.

"பெட்டியோ?" என்பார் தம்பிராசா. "அது கூலிக்குச் சாமான் ஏத்துறவன்ரை வேலை. முன்னுக்கு ஒரு வாளி இருந்தால்தான் மெசினுக்கு முகம்."

மனைவி சொல்வதை அவர் எப்போதும் முழுதாகக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு மற்றதைச் செய்வார். முப்பத்தொரு வருடக் குடும்பம் பெரிய சண்டை சச்சரவு இல்லாமல் அப்படித்தான் நடந்துவந்தது.

பதினெட்டாம் நாள் கமலாதேவி அவருடைய தோளுக்கு மேலால் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"சின்னனையே எடுங்கோ. பெரிசைக் கட்டியாள உங்களுக்கு ஏலாது."

தம்பிராசா அந்த நிமிடமே யாழ்ப்பாணத்துக் கடைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி சுதன், பெரிசு."

கடைக்காரச் சுதன் மூன்றாம் நாள் வந்து வாளியைப் பூட்டினான்.

"அண்ணை, பின்னுக்கு..." என்று தொடங்கினான்.

"பின்னுக்கு எனக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி," என்றார் தம்பிராசா. சுதன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை மெசின் கரைக்குப் போனது. அங்கே அல்லைப்பிட்டி றோசம்மா பாய் விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். தம்பிராசா வாளியைக் குவியலுக்குள் செருகி, நெம்புகோலை இழுத்தார். வாளி நிமிரவில்லை. மெசின் குனிந்தது. பின்சில்லு இரண்டும் நிலத்தை விட்டு எழும்ப, தம்பிராசா உயரத்தில் அந்தரத்தில் இருந்தார்.

றோசம்மா நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணை, உங்கையிருந்து பாத்தால் நயினாதீவு தெரியுதோ?"

பாரத்தைக் குறைத்துக் குறைத்து அள்ளிப் பார்த்தார். பின்சில்லு எழும்பாத அளவுக்கு வந்தபோது வாளிக்குள் ஒரு கடகம் சாதாளை இருந்தது.

"இதை நானே கொண்டுபோயிருப்பனே," என்றாள் கமலாதேவி.

அடுத்ததாக ஆறு சாக்கில் மண் நிரப்பி இருக்கைக்குப் பின்னால் கயிற்றால் கட்டினார். ஒழுங்கை முடக்கில் கயிறு நழுவி ஆறு சாக்கும் ஒரு பக்கம் சரிய, மெசின் சொந்த வேலியைப் பிரித்துக்கொண்டு சொந்த வளவுக்குள் புகுந்தது. அந்த வழியால் ஊர் ஆடுகளும் புகுந்து கமலாதேவியின் பயத்தங்கொடியை முடித்துவைத்தன.

"சாக்குக்குப் பிடிக்கத் தெரியாது. மனிசர் எண்டால் பிடிச்சுக்கொண்டு இருப்பினம்," என்றார் தம்பிராசா.

ஊரில் பாரமான ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவரிடம் போய், நீர் நல்ல பாரம், ஒருக்கா வாரும் என்று எப்படிக் கேட்பது? கமலாதேவியிடம் கேட்டிருப்பார், அவளோ ஒரு மூட்டை அரிசிப் பாரம்கூட இல்லை. கடைசியில் றோசம்மாவின் புருசன் பஸ்ரியாம்பிள்ளையை, கரை பார்க்க ஒரு சவாரி என்று சொல்லிப் பின்னுக்கு ஏற்றினார்.

வேலை செய்தது! வாளி நிறையச் சாதாளையோடு மெசின் நூறு யார் தூரம் அரசாங்கக் கார் மாதிரி அசையாமல் போனது. தம்பிராசாவின் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பஸ்ரியாம்பிள்ளை கடலைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ரை வள்ளம் வருது!" என்று குதித்தார்.

மெசின் மூக்கால் விழுந்தது. வாளியிலிருந்த அவ்வளவும் கருவாட்டுப் பாயில் கொட்டியது.

றோசம்மா பாயைப் பார்த்தாள். பிறகு தம்பிராசாவைப் பார்த்தாள்.

"கருவாட்டுக்கு நாங்கள் பசளை போடுறேல்லை, அண்ணை."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது தெற்கே வானம் கறுத்திருந்தது. உள்ளே அலுமாரிக்கு மேலே இருக்கும் பயணப் பை கட்டிலில் இருந்தது. அதற்குள் நாலு சீலை மடித்து வைத்திருந்தது. தம்பிராசா அவள் இல்லாத குசினியை நினைத்தார். தான் சொல்வதைக் கேட்டு "ஓம்" என்று சொல்ல ஆளில்லாத வீட்டை நினைத்தார். இந்த மனிசி இல்லாமல் தன்னால் ஒரு கிழமை இருக்க ஏலாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சுதனுக்குத்தான் தொலைபேசி எடுத்தார்.

"பெரிய வாளிக்குப் பின்னுக்குப் பாரம் கட்டாயம் அண்ணை," என்றான் சுதன். "அண்டைக்குச் சொல்ல வந்தனான், நீங்கள் விடேல்லை. அதுக்கெண்டு ஒரு இரும்புப் பெட்டி கிடக்கு."

"பெட்டியோ?"

சுதன் சொல்லை மாற்றினான்.

"பாரந்தான் அண்ணை. பாக்கப் பெட்டி மாதிரி இருக்கும்."

"அப்ப நாளைக்கே கொண்டுவாரும்."

பெட்டி வந்தது. தம்பிராசா மனைவியைக் கூப்பிட்டு அதன் பக்கத்தில் நிறுத்தினார்.

"இது பெட்டி இல்லை. பாரம். விளங்குதோ?"

"ஓம்."

"பாக்கத்தான் பெட்டி."

"ஓமோம். உதுக்குள்ளை கல்லுத்தான் போடவேணும், வேறை ஒண்டும் போடக் கூடாது," என்றாள் கமலாதேவி.

"ஆர் சொன்னது?" தம்பிராசாவுக்கு ரோசம் வந்தது. "ஈரச் சாதாளை கல்லைவிடப் பாரம். அதைத்தான் போடப்போறன்."

"அப்படியோ," என்றாள் அவள். சுவரோரம் புதுப் பிடி போட்ட வாரி இரண்டு ஏற்கெனவே சாத்தியிருந்தது. தம்பிராசா அதைக் கவனிக்கவில்லை.

கரையில் பெட்டி நிலத்தோடு பதிந்து இறங்கியது. கமலாதேவி ஒரு வாரியும், கருவாட்டை மன்னித்துவிட்ட றோசம்மா மற்ற வாரியுமாக நின்ற நிலையில் இழுத்து நிரப்பினார்கள். பெட்டி எழும்பியது, பின்சில்லு அசையவில்லை. முன்வாளியையும் நிரப்பிப் பார்த்தபோது மண்ணுக்குள் சில்லு புதைந்தது. ஆகவே வாளியை வெறுமையாகவே விட்டார்கள். தோட்டத்துக்குப் போனதும் பாரத்தைக் கொட்டிவிட்டு, புதுப் பாரம் எடுக்கத் திரும்பவும் கரைக்கு வந்தார்கள். இப்படி நாலு நாள். முன்வாளி ஒன்றுமில்லாமல் உயர்ந்து, ஊருக்கு முகம் காட்டிக்கொண்டு போய்வந்தது.

நாலாம் நாள் பொழுதுபடக் குவியல் முடிந்தது. ஐந்தாம் நாள் மழை. பை திரும்பவும் அலுமாரிக்கு மேலே ஏறியது.

ஆறாம் நாள் சுதன் நட்டுகளை இறுக்கிப் பார்க்க வந்தான். கொட்டிலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குசினியில் கமலாதேவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்பிராசா அவளுக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினார்.

"பாத்தீரோ தம்பி, லோடர்ரை வேலையை! நாலே நாள். வீட்டிலை சின்னனை எடு எண்டு நிண்டவ. நான் கேக்கேல்லை. பெரிசு எண்டு நானே முடிவெடுத்தனான்."

சுதன் கடைசி நட்டை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தான். நல்ல பிள்ளை, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

"நீங்களோ அண்ணை? போன மாசம் அக்கா கடைக்குப் போன் எடுத்து, எந்த வாளியை வாங்கினால் பின்னுக்குப் பெட்டி பூட்டாமல் ஏலாது எண்டு கேக்க, பெரிசு எண்டு நானெல்லோ சொன்னனான்!"