தான்தோன்றித் துடிப்பு

காற்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதைக் கட்டி மேய்த்த ஒருவரை நான் கண்டிருக்கிறேன். அவருக்கு எதிர் அறையில் உட்கார்ந்து சம்பளமும் வாங்கியிருக்கிறேன். இயந்திரப் பொறியியல் துறையில் பாய்ம இயக்கவியல் பேராசிரியராக வீற்றிருக்கும் அந்த மேதையை மாணவர்கள் 'புயல்' என்பார்கள். பாடம் நடத்தும் வேகத்துக்காக அல்ல. எப்போதாவதுதான் வருவார்; வரப்போகிறார் என்று தெரிந்தாலே பாதி வகுப்பு விடுமுறை எடுத்துக்கொள்ளும்.

பாய்மம் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஓடக்கூடியதெல்லாம் பாய்மம்தான்: தண்ணீர், எண்ணெய், காற்று, கடைசி மணி அடித்தபின் மாணவர்கள். இவை எப்படி ஓடும், எதில் முட்டும், முட்டினால் எந்தப் பக்கம் சுழலும் என்று கணக்குப் போடுவது எங்கள் தொழில். நான் அங்கே இணைப் பேராசிரியன். பேராசிரியருக்கு இணையானவன் என்று பொருள் கொள்ள வேண்டாம். அவருடைய கட்டுரைகளில் கடைசியாகப் பெயர் இணைக்கப்படுகிறவன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு காற்றுச் சுரங்கம் உண்டு. சின்ன லாரி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. ஒரு முனையில் பெரிய விசிறி. மறுமுனை வழியாக அறைக்காற்றை அது உறிஞ்சி இழுக்கும். நடுவில் ஓர் இறக்கையையோ உருளையையோ வைத்துக் காற்றின் அழுத்தத்தை அளப்போம். அளந்தது திரையில் கோடாக ஓடும். கோடு நேராக ஓட வேண்டும். புயல் இளம் விரிவுரையாளராக இருந்த காலத்தில் ஒரு நாள், நேராகப் போன கோடு திடீரென்று ஒரு துள்ளு துள்ளியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

சாமானியன் என்றால் என்ன செய்திருப்பான்? சுற்றுமுற்றும் பார்த்திருப்பான். மேதை திரையை மட்டும் பார்த்தார். 'காற்று தானாகவே துடிக்கிறது' என்று அறிவித்து, அதற்குத் 'தான்தோன்றித் துடிப்பு' என்று பெயரும் சூட்டினார். அன்றிலிருந்து எங்களுடையது துடிப்பான துறை.

இந்த இடத்தில் ஒரு கட்டிடக் குறிப்பு. ஆய்வுக்கூடத்தின் பின்சுவரில் ஒரு கதவு இருக்கிறது. அது ஊழியர் கழிவறைக் கதவு. உள்ளே எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று அசுர வேகத்தில் சுற்றும். கதவைத் திறந்தால் ஆய்வுக்கூடத்துக் காற்று அந்தப் பக்கம் இழுபடும், சாத்தினால் நின்றுவிடும். இதைத் தகவலுக்காகத்தான் சொல்கிறேன், உள்நோக்கம் ஒன்றும் இல்லை.

இன்னொரு தகவல்: எனக்குச் சர்க்கரை உண்டு. பாடத்தின் நடுவே "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடிக்கடி வெளியே போவேன். பாவிப் பிள்ளைகள் அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

துடிப்பு பற்றிய முதல் கட்டுரையிலேயே புயலுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அடுத்த கட்டுரை, குளிர்காலத்தில் துடிப்பு கூடுகிறது என்று நிறுவியது. காற்றின் அடர்த்தியே காரணம் என்று பக்கம் பக்கமாகச் சமன்பாடு போட்டிருந்தார். அதற்கடுத்தது, தேநீர் இடைவேளை முடிந்ததும் துடிப்பு உச்சம் தொடுவதைக் காட்டியது. வெயிலில் கட்டிடம் விரிவதால் என்றார். மகுடம் வைத்தாற்போல் இன்னொன்று: துடிப்பு வருஷத்துக்கு வருஷம் பெருகி வருகிறதாம், மரப்பெட்டிக்கு வயதாகிறதாம். வயதானது எனக்கு. என் சர்க்கரையும் அவருடைய வரைபடமும் அண்ணன் தம்பி மாதிரி கைகோத்து ஏறின. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் துறையில் காக்காய் உட்கார்ந்தால் கட்டுரை விழும்.

புகழ் பரவியது. சர்வதேசக் கருத்தரங்கு கூட்டினோம். பல நாட்டு அறிஞர்கள் வந்து, பழரசம் குடித்து, பேச்சுகளைக் கேட்டு, இன்னும் கொஞ்சம் பழரசம் குடித்தார்கள். அன்று திரையில் ஓடியது கோடே அல்ல, மரம் அறுக்கிற ரம்பம். புயல் மேடையேறிக் குரல் தழுதழுக்கச் சொன்னார்:

"பாருங்க! அறிஞர்கள் கூடுற இடத்துல காத்துக்கே ஒரு துடிப்பு வந்துடுது!"

அரங்கமே எழுந்து நின்றது. சிலர் கைதட்டினார்கள். மற்றவர்கள் வேறு காரணமாக எழுந்தவர்கள், அவர்கள் பின்கதவுப் பக்கம் விரைந்தார்கள்.

அத்தனை உயரத்துக்குப் போன பிறகும் மனிதருக்குக் கர்வம் கிடையாது. ஒருமுறை மருத்துவர் எனக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டது. சில நாளில் புயல் தாமாகவே என் அறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சார், உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். சுகர் கன்ட்ரோலுக்கு வந்துடுச்சு."

அவர் முகம் தொங்கிப் போயிற்று.

"அதானே பாத்தேன்..."

"என்ன சார் பாத்தீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி மட்டும் குறைச்சுடாதீங்க. நிறைய குடிக்கணும். உடம்பை விட்டா நமக்கு என்ன இருக்கு?"

மறுநாள் என் மேசைமேல் குடம் அளவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. ஆய்வு நிதியில், 'பரிசோதனைக்கான நுகர்பொருள்' என்ற இனத்தில் வாங்கியது. சக ஊழியனின் சிறுநீரகத்தின்மேல் இவ்வளவு அக்கறை வைத்த தலைமகனை வேறெங்கே தேடுவீர்கள்?

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த எங்கள் அறிவியலின் குறுக்கே ஒரு பெண் வந்து நின்றாள். புயலிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவி. இன்னொரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம். இந்தக் கல்வியாண்டுக்குள் வாங்காவிட்டால் இருக்கிற வேலையும் போச்சு என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவள் சேர்ந்தபோது இடுப்பில் இருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போய் வகுப்பு வகுப்பாக ஏறிக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு கேக்கறா சார், 'எல்லாரும் அடுத்த க்ளாஸ் போறாங்க, நீ மட்டும் ஏம்மா ஒரே க்ளாஸ்ல இருக்க?'ன்னு" என்றாள் ஒருமுறை. சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

நல்ல பெண். உழைப்பாளி. ஆனால் ஆராய்ச்சிக்கு ஒவ்வாத ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: திரையில் ஏதாவது தெரிந்தால் திரும்பிப் பார்த்துவிடுவாள். ஒரு நாள் நான் வழக்கமான அவசரத்தில் பின்கதவை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

"சார், ஒரு நிமிஷம்!"

"வந்து பேசறேம்மா."

"இல்ல சார், கதவை மட்டும் திறங்க."

திறந்தேன்.

"சாத்துங்க."

சாத்தினேன்.

"இன்னொரு தடவ திறங்க சார்."

"தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும், என்னை விட்டுடும்மா!"

"இந்தக் கோட்டைப் பாருங்க சார். நீங்க திறக்கறப்பல்லாம் துள்ளுது. இது காத்தோட துடிப்பு இல்ல சார். உங்களோட துடிப்பு."

எந்த முடிவையும் விவாதிக்கும் நிலையில் அப்போது நான் இல்லை. உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

நான் என் அறைக்குத் திரும்புவதற்கும் அவள் புயலிடம் போவதற்கும் சரியாக இருந்தது. எதிர் அறை ஆதலால் ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.

"சார், அது கழிவறைக் கதவு சார்."

"கதவுன்னு சொல்லாதம்மா. 'எல்லை நிபந்தனையில் ஏற்படும் திடீர் மாற்றம்'னு சொல்லு."

"ஆனா அது கதவுதானே சார்?"

"கதவுன்னா ஆசாரி வந்து பாத்துட்டுப் போயிடுவாரு. எல்லை நிபந்தனைன்னாதான் நம்மளைக் கூப்பிடுவாங்க. புரியுதா? காத்துள்ளபோதே தூத்திக்கணும்மா. தலைப்பை அப்படி மாத்திட்டு வா, கையெழுத்துப் போட்டுடறேன்."

துறைத்தலைவரும் அவளைக் கூப்பிட்டுப் பெரிய மனுஷத் தோரணையில் புத்தி சொன்னார்.

"ஏம்மா, சும்மா கிடக்கற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கற? பட்டத்தை வாங்கினமா, வேலையப் பாத்தமான்னு இரேன்."

"எனக்கும் பட்டம் வேணும் சார். ரொம்ப வேணும். ஆனா பொய்யை எழுதி வாங்கிட்டு, நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட பசங்களுக்குப் பாடம் நடத்துவேன்?"

பாடம் நடத்த முகம் வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ!

அவள் தலைப்பை மட்டும் மாற்றினாள். உள்ளே முழுக்கக் கதவு, கதவு, கதவு. புயல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாணவர்களின் ஆய்வேட்டை அவர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. பிள்ளைகள்மேல் அவ்வளவு நம்பிக்கை. 'வழிகாட்டி' என்ற சொல்லுக்கு இலக்கணமே அவர்தான்: தெருமுனையில் நிற்கிற வழிகாட்டிப் பலகை என்றைக்காவது நம்மோடு நடந்து வந்திருக்கிறதா?

வாய்மொழித் தேர்வு ஆய்வுக்கூடத்திலேயே நடந்தது. புறத்தேர்வாளர் தொலைவிலிருந்து விமானத்தில் வந்திருந்தார். தான்தோன்றித் துடிப்பைத் தம்முடைய ஆய்வுக்கூடத்திலும் கண்டு, அதை உறுதிப்படுத்திக் கட்டுரை எழுதி, அதனாலேயே பேராசிரியர் ஆனவர். ஆய்வேட்டில் அவரும் தலைப்பை மட்டும்தான் படித்திருந்தார். புயலும் துறைத்தலைவரும் நானும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அலுவலகத்து அண்ணன் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார்.

அவள் சுரங்கத்தை ஓடவிட்டாள். திரையில் கோடு நேராகப் போனது.

"அண்ணே, அந்தப் பின்கதவைக் கொஞ்சம் திறங்களேன்."

அவர் திறந்தார். கோடு துள்ளியது.

"சாத்திடுங்க."

கோடு சாதுவாகிவிட்டது.

"இவ்வளவுதான் சார் என் ஆராய்ச்சி" என்றாள்.

புறத்தேர்வாளர் தொண்டையைச் செருமினார். "அது எப்படிம்மா? எங்க லேப்லயும் வந்துச்சே! நான் கட்டுரையே எழுதியிருக்கேனே!"

"உங்க லேப் பக்கத்துல என்ன சார் இருக்கு?"

அவர் யோசித்தார். கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

"லிஃப்ட்" என்றார், தமக்குத்தாமே.

என் உயிரே என்னிடம் இல்லை. முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே வந்து உருளுகிறது. இனி பதவி என்ன ஆகும், துறை என்ன ஆகும், என் பெயர் இணைக்கப்பட்ட கட்டுரைகள் என்ன ஆகும்? அப்போதுதான் புயல் எழுந்தார். மேதை என்று நான் சும்மா சொல்லவில்லை.

"முனைவர் பட்டத்துக்கு விதி என்ன?" என்றார் நிதானமாக. "ஒரு புதிய உண்மையைக் கண்டுபிடிச்சிருக்கணும். இந்தப் பொண்ணு சொல்றது உண்மைதான். நூத்துக்கு நூறு உண்மை. ஆனா இது புதுசா?"

"புதுசில்லையா சார்?" என்றார் துறைத்தலைவர்.

"எனக்கு எப்பவோ தெரியும்" என்று சொல்லி, புயல் தம் வலக்கையை உயர்த்தினார்.

புறத்தேர்வாளரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "விதின்னா விதிதான். ஏற்கெனவே தெரிஞ்ச விஷயத்துக்குப் பட்டம் குடுக்க முடியாது. வேற யாருக்கெல்லாம் முன்னாடியே தெரியும்? கை தூக்குங்க."

துறைத்தலைவர் கை தூக்கினார். "நான் சேர்ந்த புதுசுலயே தெரியும் சார். ஊரறிஞ்ச ரகசியம்."

அலுவலகத்து அண்ணன் தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையைத் தூக்கினார். நான் யாருக்குச் சளைத்தவன்? அந்தக் கதவைப் பற்றி என்னைவிட அனுபவம் உள்ளவர் யார்? என் கை எல்லாருடையதையும்விட உயரத்தில் நின்றது. கடைசியில் புறத்தேர்வாளரே, லிஃப்டை நினைத்தோ என்னவோ, தோள்வரைக்கும் ஒரு கையைத் தூக்கிவிட்டார்.

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்போ இத்தன வருஷமா ஏன் சார் யாருமே சொல்லல?"

"அது உன் தலைப்புக்கு வெளிய இருக்கற கேள்விம்மா" என்றார் புறத்தேர்வாளர் கனிவாக. "ஆய்வேட்டுல புதுமை இல்ல. வேற தலைப்பு எடுத்து மறுபடி வாங்க."

"இத்தன கை இருக்கே சார்" என்றாள் அவள். "ஒரு கையாவது அந்தக் கதவைப் பூட்டியிருக்கலாமே."

தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று விதியில் இல்லாததால் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடம் விடும் நேரம், மகளைக் கூப்பிடப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கல்வியாண்டோடு அவளுடைய வேலை போய்விட்டது. தான்தோன்றித் துடிப்புக்குத் தனி ஆய்வு மையம் வந்தது. நான் பேராசிரியர் ஆனேன்.

இதெல்லாம் எப்படியோ வெளியே கசிந்து, எங்கள் துறையை 'அறியாமையின் கூடாரம்' என்று சிலர் ஏசுகிறார்களாம். அபாண்டம்! நாக்கு அழுகிவிடும். அன்றைக்கு அந்த அறையில் உயர்ந்த கைகள் அத்தனையும் சாட்சி சொல்லும்: எங்கள் துறையில் தெரியாமல் தப்பு செய்தவர் ஒருவர்கூடக் கிடையாது.