அக்காவின் கல்யாணத்தில் பாதி

எதுவும் சும்மா கிடப்பதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. (நான் சும்மா கிடப்பது வேறு விஷயம்.) யுத்த காலத்தின் கடைசி வருடங்களில் மாத்தளை டவுனில் ரியாஸ் நானாவின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். அங்கே சும்மா கிடந்த ஒரு பெட்டிதான் என் மானத்தை வாங்கியது.

கல்யாணப் படங்களையெல்லாம் ஒரு சேர்வரில் போட்டு வைப்போம். எல்லாக் கம்பியூட்டர்களும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆல்பம் செய்தால், ஒரு படம் திறப்பதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். பக்கத்திலேயே புதிதாக வாங்கிய இரண்டாவது சேர்வர் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"நானா, பாரத்த ரெண்டுக்கும் சமமா பிரிச்சி விடுறேன்."

"தம்பி, ஓடுறத நோண்ட வாணாம்."

நோண்டினேன். அந்த வாரம் இரண்டு கல்யாணங்கள். ஒன்று வஹகோட்டை கத்தோலிக்கக் கோயிலில் நடந்த என் சொந்த அக்கா ஸ்டெல்லாவுடையது. மற்றது ஒரு தேயிலைத் தோட்டத்து இந்துக் கல்யாணம். இரண்டிலுமே ஒன்று விட்டு ஒன்றாகப் படங்களை எடுத்து, புது சேர்வரில் ஒரே ஃபோல்டருக்கு மாற்றினேன். தோட்டத்துப் படங்களைப் போடும்போது, "இதே பெயரில் வேறு படம் இருக்கிறது, அதை அழித்து இதை வைக்கவா?" என்று கம்பியூட்டர் கேட்டது. இரண்டு கல்யாணத்துக்கும் போன கெமராக்கள் படங்களுக்கு ஒரே மாதிரி நம்பர் போடும் என்பது இந்த மேதைக்குத் தெரியாது. உயிரை வாங்காதே என்று 'எல்லாவற்றுக்கும் ஆம்' அமுக்கினேன். கெமரா கார்டுகளில் இருந்ததையும் அழித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உக்குவளையில் மாப்பிள்ளை வீட்டு ஹோம்கமிங் விருந்து. செக்பாயிண்ட் தாண்டிப் போகிறவர்கள் இருட்டுமுன் வீடு சேர வேண்டுமே, அதனால் பகல் சாப்பாடு. திரையில் படம் காட்டுவது என் பொறுப்பு. இரண்டு சேர்வரிலும் இருந்த பாதிகளை நம்பர் வரிசையில் ஒன்றாகச் சேர்த்து, திறந்துகூடப் பார்க்காமல் கொண்டு போனேன். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

"தாலி கட்டுற படத்த பெருசா காட்டுடா. நான் குனிஞ்சிக்கிட்டே இருந்தேன், ஒன்னும் பாக்கல."

முதல் படத்தில் அக்கா காரிலிருந்து இறங்கினாள். இரண்டாவதில் முன்பின் தெரியாத ஒருவர் பட்டு வேட்டியில் நின்றார்.

"இது யாருப்பா? எம் மகன் எங்க?" என்றார் அக்காவின் மாமியார்.

"ஒன்னு மாறி வந்துருச்சி அத்த. அடுத்தது சரியா வரும்."

அடுத்தது சரியாகவே வந்தது. அதற்கடுத்தது வரவில்லை. நிறுத்துகிற ஆளா நான்? வியர்க்க வியர்க்க அமுக்கினேன். மச்சானுக்குப் பின்னால் பட்டு வேட்டிக்காரர், ஃபாதருக்குப் பின்னால் ஐயர். மண்டபமே சிரித்தது. திரையில் அக்கா தாலிக்குக் குனிந்தாள். அடுத்த படத்தில் பட்டு வேட்டிக்காரர் தாலி கட்டினார்.

"ஐயையோ, எம் மருமகளுக்கு யாரோ தாலி கட்டிட்டானே!"

அக்கா சிரிக்கவில்லை, அழுதாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஆனால் விடுவேனா? அடுத்த வாரமே ஃபாதரைக் கெஞ்சி, அக்காவுக்கும் மச்சானுக்கும் கல்யாண உடுப்பை மாட்டி, அதே கோயிலில் நிறுத்தினேன். கட்டிய தாலியைக் கழற்றவே கூடாது என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றதால், கழுத்தில் கிடந்த தாலியையே மச்சான் மறுபடி கட்டுவதுபோல் நடித்தார். அக்கா இந்த முறை குனிய மறுத்துவிட்டாள். நிமிர்ந்து, வாயெல்லாம் பல்லாக, முழுவதையும் பார்த்தாள். அந்தப் படம்தான் அவள் வீட்டு ஹோலில் தொங்குகிறது.

இன்றுவரை எந்த விசேஷத்திலும் பரிமாற எனக்கு அனுமதி கிடையாது. கறி வாளியைத் தொட்டால் போதும், மாமியார் அங்கிருந்தே கத்துவார்:

"அவன்கிட்ட இருந்து அத புடுங்குங்க! ஒரு எலைக்கு கோழி வெப்பான், அடுத்த எலைக்கு அந்தக் கல்யாண வீட்டு சாம்பாரு வரும்!"