கணவர்: அசல் ஒன்று

பட்டியல் போடுகிறவர்களைக் கேலி செய்யாத குடும்பம் உலகத்தில் கிடையாது. எங்கள் வீட்டில் அந்தக் கேலிக்கு ஆதாரமே இருக்கிறது. அலமாரியில், மடித்த நிலையில்.

நான் திருச்சிக்காரி. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு சிம்பாங் ரெங்கத்துக்கு வந்து ஓராண்டு ஆனதும், மனைவி என்ற முறையில் கிடைத்திருந்த விசாவை நீட்டிக்க வேண்டியிருந்தது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். சும்மா விடுவேனா? இருபத்து மூன்று வரிகளில் பட்டியல் தயாரித்தேன். கடவுச்சீட்டு: அசல் 1, நகல் 2. திருமணச் சான்றிதழ்: அசல் 1, நகல் 2. என் உடை: முழுக்கைச் சுடிதார். கடைசி வரி, நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியவர். கணவர்: அசல் 1. (நகல் கேட்கவில்லை.)

என் கணவர் சுரேஷுக்கு லீவு கிடைத்ததே விசா முடிகிற அன்றுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போய் ஜொகூர் பாருவில் குடிநுழைவு அலுவலகத்தை அடைந்தோம். காவலர் என்னை உள்ளே விட்டார். சுரேஷைத் தடுத்தார்.

"அண்ணே, அரைச் சிலுவார் போட்டுக்கிட்டு உள்ள போக முடியாது லா."

அப்போதுதான் அரைக் கால்சட்டைக்குக் கீழே என் கணவரின் முழங்கால்களைப் பார்த்தேன். வழியெல்லாம் ஃபைலையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"என்னங்க இது?"

"நான் காடி ஓட்டத்தானே வந்தேன்?"

"கடைசி வரியைப் படிக்கலையா?"

"அதுல சிலுவார்னு போடலயேமா. அலமாக்! விடு, நாளைக்கு வரலாம்."

"நாளைக்கு நான் இந்த நாட்டுல நிக்கிறதே குத்தம்!"

உள்ளே ஓடி வரிசை எண் வாங்கினேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். வெளியே ஓடினேன். எதிரே திறந்திருந்தது ஒரே ஒரு துணிக்கடை, அதுவும் பெண்களுக்கானது. சுரேஷின் இடுப்பு வரை ஏறிய கால்சட்டை ஒன்றுதான்: ஆரஞ்சு நிறம், உள்ளங்கை அகலத்தில் செம்பருத்திப் பூக்கள், கணுக்காலில் சுருக்கு.

"இதப் போட்டுக்கிட்டா நடக்கச் சொல்ற?"

"உங்க தேசிய மலர்தானே? பெருமையா நடங்க."

காவலர் நெடுநேரம் பார்த்தார். "தங்கச்சி, இது பொம்பளைங்க சிலுவார்."

"அண்ணே, உங்க போர்டுல நீளத்தைத்தான் போட்டிருக்கு. பூவைப் பத்தி ஒண்ணுமில்ல."

அவர் திரும்பி, வாசலில் மாட்டியிருந்த உடை விதிப் பலகையை முழுதாகப் படித்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கதவைத் திறந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு குறை இல்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். கையெழுத்துப் போட சுரேஷ் எழுந்தார். கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. அந்த அம்மா பூக்களைப் பார்த்தார், சுரேஷைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து மலாயில் மெதுவாகக் கேட்டார்: இவரோடுதான் தொடர்ந்து இருக்கப் போகிறீர்களா?

"பாஸ்தி?" (நிச்சயமாகத்தானா?)

"பாஸ்தி!" என்றேன், கூடத்துக்கே கேட்கும்படி. முத்திரை விழுந்தது.

இருபத்து நான்காவது வரி சேர்க்கச் சொல்லி மாமியார் இன்றும் வற்புறுத்துகிறார். மாட்டேன். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு நான் கால்சட்டை எழுதித் தர வேண்டுமா? என் பட்டியல் சரியாகத்தான் இருந்தது.

சண்டை முற்றினால் சுரேஷ் நேராக அலமாரிக்குப் போய், அந்த ஆரஞ்சுக் கால்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

"பாஸ்தி?"

"பாஸ்தி. முதல்ல அதை மடிச்சு வைங்க."