வாசலுக்கே திரும்பி வந்த வேன்

மலேசியாவில் எங்கள் ஈப்போவில் எதையும் இரண்டாம் முறை சொல்லாத மனிதர் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஒரேதடவை’.

டீக்கடைக்குள் நுழையும்போதே, “தே தாரிக் ஒண்ணு சீனி கொறைச்சு, ரொட்டி ரெண்டு இங்க, ஒண்ணு வீட்டுக்குப் புங்குஸ் கட்டி, பில்லும் கையோட. சொன்னது வந்துச்சா?” என்பார். கடைக்காரர் “வந்துச்சு” என்று சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பார். அதன்பின் ஊமை.

கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்தான். நாங்கள் தொண்டு செய்யும் டயாலிசிஸ் நிலையத்திலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் வேன் கம்பெனிக்கு அவர்கள் விவரத்தை எக்ஸ்எம்எல் என்ற கம்ப்யூட்டர் ஆவணமாக அனுப்பும் ஏற்பாடு அவருடையது. பெயருக்கு ஒருமுறை, நேரத்துக்கு ஒருமுறை என்று கதவைத் தட்டக் கூடாது. ஓர் ஆளுக்கு ஒரே ஆவணம், எல்லாம் அதற்குள். போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து பதில் வர வேண்டும்.

ஆவணத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது கட்டாயம் என்று முடிவு செய்ய ஒரு குழு இருந்தது. தலைவர் நான். உறுப்பினரும் நானே. அரசாங்க ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். சாலைப் பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத ஆவணத்தை ஏற்கக் கூடாது என்று விதித்தேன்.

“அண்ணே, டயாலிசிஸுக்கு வர்ற பாக்கியம் அக்கா இன்னும் சிம்பாங் பூலாய்ல பழைய தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்காங்க. அங்க ரோட்டுக்குப் பேரு ஏது லா? ‘கோயிலுக்குப் பின்னால, கடைசி வீடு’ன்னு எழுத இடம் விடுங்க. வந்துச்சா?” என்றார் ஒரேதடவை.

“கோயில் எல்லாம் விலாசமாப்பா?” என்றேன். ‘வந்துச்சு’ என்று சொல்லவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை.

முதல் நாளே, சாலைப் பெயர் இல்லை என்று அக்காவின் ஆவணம் திரும்பி வந்தது. என் விதிக்குப் பயந்த வரவேற்பு மேசை மேரி, நிலையத்தின் சொந்த விலாசத்தையே போட்டு அனுப்பிவிட்டாள். உடனே ஏற்கப்பட்டது. “பாத்தியா, ஒரு கட்டம்கூடக் காலியில்ல!” என்று மேரியிடம் நான் மார்தட்டும்போது வாசலில் ஹார்ன்.

“அக்கா எங்கண்ணே? விலாசம் இங்கதானே காட்டுது?” என்றார் டிரைவர்.

அங்கே லயத்தில் அக்கா மூச்சு வாங்கத் தன் வீட்டு வாசலில் காத்திருந்தார். இங்கே அவருக்கான மெஷின் சும்மா நின்றது. ஒரேதடவை, டிரைவருக்கு வழி சொல்லி விரட்டிவிட்டு அக்காவைப் போனில் பிடித்தார்.

“வேன் வருதுக்கா. ஆமாக்கா, வருது. பயப்படாதீங்க, வருதுக்கா. கோயில்கிட்ட வந்திருக்கும். வருதுக்கா, வருது...”

அக்கா வேனில் ஏறும்வரை அந்த வாய் ஓயவில்லை.

குழு அவசரமாகக் கூடி, தன்னைத்தானே கண்டித்து, ஆவணத்தில் கோயிலுக்கு இடம் ஒதுக்கியது. ஒரேதடவை மறுநாளே பழையபடி ஊமையாகிவிட்டார். இப்போதெல்லாம் அவர் எது சொன்னாலும், கேட்கும் முன்பே “வந்துச்சுப்பா” என்கிறேன். சில நாள் இரண்டு தடவை.