பத்தாவது ஆள்

கணினி சொன்னபடி டிரேக்கு வயது நாற்பத்தாறு.

நோரீன் ஸ்டப்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். நாற்பத்தாறுதான். "ஆர்லிஸ் வேட் ப்ரூவெட் அவர்களே, மீண்டும் வருக! உங்களைக் காணாமல் தவித்துப் போனோம்" என்று காலேஜின் கணினி உருகியது. டிரே பதினேழு வயதுப் பையன். காலேஜ் வாசலையே மிதித்ததில்லை. அவனைக் காணாமல் யாராவது தவித்ததாக டிம்மர்ஸ் கிரீக்கில் இதுவரை தகவல் இல்லை.

நோரீன் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் கவுன்சிலர். மேற்கு டெக்சஸில் அந்த வேலைக்கு அர்த்தம், டைம்டேபிள் போடுவது, அழுகிற பிள்ளைக்கு டிஷ்யூ நீட்டுவது, சாப்பாட்டு ஹாலில் யாரும் யார்மேலும் பாலைக் கொட்டாமல் பார்த்துக்கொள்வது. இவற்றோடு வருடத்துக்கு ஒரு தலைவலி, டூயல் கிரெடிட். பிள்ளைகள் பள்ளிக்கூட பெஞ்சிலேயே உட்கார்ந்து காலேஜ் இங்கிலீஷ் படிப்பார்கள். பாடம் ஒன்று, மார்க் இரண்டு இடத்திலும் ஏறும்.

ஆனால் பத்துப் பேராவது சேர்ந்தால்தான் காலேஜ் வகுப்பு நடத்தும். போன வருடம் ஒன்பது பேரோடு நின்றுபோய் வகுப்பே ரத்தாகிவிட்டது. அந்த ஒன்பது பேரும் நோரீனின் அறைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்து அழுதார்கள். டிஷ்யூ தீர்ந்து, கடைசியில் அவளும் தன் ஸ்வெட்டர் கையில்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வருடம் அப்படி ஆகவிடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

இந்த வருடமும் ஒன்பதில்தான் நின்றது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதிவு முடிகிறது. வியாழக்கிழமை சாயங்காலம்தான் போனில் அந்தக் குரல் பதிவாகியிருந்தது.

"ஆர்லிஸ் வேட் ப்ரூவெட். அந்த காலேஜ் இங்கிலீஷ்ல பேரைச் சேத்துக்குங்க மேடம்."

டயர் கடை ஜூனியரின் குரல். பையனுக்காக அப்பா கேட்கிறார். நோரீன் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ப்ரூவெட் வீட்டில் பேர் வைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. தாத்தா ஆர்லிஸ் வேட், அப்பா ஆர்லிஸ் வேட், பையனும் ஆர்லிஸ் வேட். குழப்பத்தை ஊர்தான் தீர்த்துவைத்தது. அப்பா ஜூனியர்; பையன் மூன்றாம் நம்பர் என்பதால் டிரே, அதாவது மூன்று. காலேஜ் கணினிக்கு ஊர்ப்பேச்சு தெரியாது. எந்தக் காலத்திலோ ஜூனியர் அந்தக் காலேஜில் வெல்டிங் படிக்கப் போய், இரண்டே மாதத்தில் ஓடிவந்திருக்கிறார். அந்தப் பேரைப் பத்திரமாக வைத்திருந்த கணினி, வெள்ளிக்கிழமை காலை நோரீன் அதைத் தட்டியதும் ஜூனியரையே வகுப்பில் சேர்த்துக்கொண்டது.

மொத்தம் பத்து என்று திரையில் வந்துவிட்டது. வேறு யாராவது இருந்தால் பேசாமல் போய் மீன் பிடித்திருப்பார்கள். நோரீன் நேர்மையானவள். காலேஜுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க செல்லம்" என்றாள் பதிவு அலுவலக டெனிட்ரா. உலகத்தில் எல்லோரும் அவளுக்குச் செல்லம்தான்.

"ஆர்லிஸ் ப்ரூவெட்டுனு ஒரு பையன். அவனுக்குப் பதிலா அவங்க அப்பாவச் சேத்துட்டீங்க."

"நீங்க யாரு, அவரு அம்மாவா?"

"ஸ்கூல் கவுன்சிலர்."

"அப்ப உங்ககிட்ட நான் வாயே திறக்கக் கூடாது. சட்டம். ஸ்டூடண்ட்டே பேசணும்."

"அவன் வாயத் திறந்து நாலு வருஷம் ஆச்சும்மா."

"அந்த வாயத்தான் கூட்டிட்டு வாங்க."

ஃபுட்பால் பயிற்சியிலிருந்து டிரேயை இழுத்துவந்தார்கள். அக்குளில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"மிஸ், ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லு கண்ணா. இந்தா, போன்ல பேரும் பிறந்த தேதியும் சொல்லு."

சொன்னான். எதிர்முனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"தேதி தப்பு செல்லம். சொந்தப் பிறந்தநாளே தெரியாத ஒருத்தர் காலேஜ் இங்கிலீஷ் படிச்சு என்ன கிழிக்கப் போறாரு? இதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். வச்சிடறேன்."

சரி, புதிதாகவே ஒரு விண்ணப்பம் போட்டுவிடலாம் என்று நோரீன் முடிவு செய்தாள். பேருக்குப் பின்னால் மூன்றாமவன் என்று குறிக்க மூன்று கோடு போட வேண்டும். அதற்கென்று கணினியில் இடம் விடவில்லை. ஆகவே குடும்பப் பேரோடு சேர்த்தே இங்கிலீஷ் ஐ எழுத்தை மூன்று தரம் தட்டினாள். உடனே பதில் வந்தது.

"அன்புள்ள திரு. ஐஐஐ அவர்களே..."

"ஐயய்யோ" என்றாள் நோரீன்.

திரு. ஐஐஐ அரசாங்கத் தேர்வு எழுதவில்லை, ஆகவே வகுப்பில் சேரத் தகுதியில்லை என்றது கடிதம். தேர்வு எழுதியவன் ப்ரூவெட். ஐஐஐ என்று உலகில் யாரும் இல்லை.

மறுபடி டெனிட்ரா.

"நான் உங்ககிட்ட பேசல செல்லம். சும்மா எனக்குள்ளயே சத்தமா யோசிக்கறேன். ரெண்டு பேரு, ஒரே விலாசம், ஒரே போன் நம்பர். ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டா தேர்வு மார்க்கும் வந்துரும்ல?"

"வந்துருமா?"

"இந்தா, சேத்தாச்சு."

இப்போது திரையில் ஒரே ஆர்லிஸ். வயது நாற்பத்தாறு. பதினோராம் வகுப்பு. மைனர் என்பதால் பெற்றோர் கையெழுத்து அவசியம்.

"மிஸ்..." என்றான் டிரே.

"இங்கயே உக்காரு. எங்கயும் போகாத. நான் உங்க அப்பாகிட்ட போயிட்டு வந்துடறேன்."

ஜூனியர் கடையில் ஒரு டிராக்டர் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஜன்னல் கண்ணாடியில், போன மாதம் நோரீனே வந்து ஒட்டிவிட்டுப் போன காலேஜ் போஸ்டர். அடியில் பொடி எழுத்தில், இடமிருந்தால் ஊர்க்காரர்களும் இந்த வகுப்பில் சேரலாம் என்று ஒரு வரி. அதை அவளே படித்ததில்லை. நோரீனைப் பார்த்ததும் ஜூனியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

"என் மெசேஜ் கெடச்சுதா மேடம்?"

"கெடச்சுது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

என்ன ஏது என்று கேட்காமல் கிரீஸ் கையோடு போட்டார். முகம் சிவந்திருந்தது.

"எப்ப ஆரம்பிக்குது?"

"திங்கக்கிழமை. முதல் பீரியட்."

"அப்ப கடையைக் கொஞ்சம் லேட்டாத் தெறந்துக்கறேன். பேனாவா மேடம், பென்சிலா?"

"எது இருந்தாலும் சரி."

"பயமாத்தான் இருக்கு. தேறுமா மேடம்?"

"தேறும், தேறும். நீங்க கவலையே படாதீங்க."

காரில் திரும்பும்போது நோரீன் ஜூனியரையே நினைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து விடக் கடையையே லேட்டாகத் திறக்கிறேன் என்கிறார். இப்படி ஓர் அப்பா யாருக்கு வாய்க்கும்? அந்தத் தடிப்பயலுக்கு அருமை தெரிகிறதா பார் என்று டிரேயின்மேல் கோபம்கூட வந்தது.

கையெழுத்துப் படிவத்தை ஏற்றியதும் கணினி சிவப்பாகிவிட்டது. "மாணவர் தனக்குத் தானே பெற்றோராக இருக்க இயலாது."

கடிகாரம் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. டெனிட்ரா கைப்பையை மூடும் சத்தம் போனில் கேட்டது.

"செல்லம், நான் இன்னமும் உங்ககிட்ட பேசல. ஒரே வழிதான் தோணுது. பழைய ஆர்லிஸ அடியோட தூக்கிட்டு, சின்ன வயசு ஆர்லிஸ அந்த எடத்துல வைக்கணும். ஆனா தூக்குனா தூக்குனதுதான். இந்த செமஸ்டர் முழுக்க அந்தாளு உள்ள வர முடியாது. தூக்கிடவா?"

"அவரு எதுக்கும்மா உள்ள வரப் போறாரு? தூக்குங்க!"

"ஸ்டூடண்ட் ஒரு வார்த்தை சொல்லணும்."

நோரீன் போனை டிரேயின் வாயருகே வைத்தாள்.

"ஆர்லிஸ் வேட் ப்ரூவெட், பதினேழு வயசு, நீதான செல்லம்?"

"ஆமா, ஆனா..."

"ஆமான்னுட்டான்!" என்று நோரீன் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

தட்டச்சுச் சத்தம். பிறகு திரை பச்சையானது. பத்துப் பேர். பத்தாவது ஆள் ஆர்லிஸ் வேட் ப்ரூவெட், வயது பதினேழு. ஐந்து மணி ஆனது. கணினி தானாகவே பூட்டிக்கொண்டது.

நோரீன் எழுந்து நின்று தனியாகக் கை தட்டினாள். ஸ்வெட்டர் கை இந்த வருடம் தப்பித்தது. காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த டோனட் பெட்டியைத் திறந்து, சர்க்கரைப் பூச்சு அதிகமாக இருந்ததாகப் பார்த்து டிரேயிடம் நீட்டினாள்.

"ஜெயிச்சுட்டோம் கண்ணா! சாப்பிடு. ஆமா, காலையிலேர்ந்து என்னமோ சொல்லணும்னு தவிச்சியே, என்ன அது?"

டிரே டோனட்டை வாங்கினான், ஆனால் கடிக்கவில்லை.

"அந்த கிளாஸ் நான் கேக்கல மிஸ், எங்கப்பாதான் படிக்கணும்னு போன் பண்ணாரு, புதுசா புஸ்தகப் பைகூட வாங்கி வச்சிருக்காரு."